ஜெர்மன்காரர் உடுத்திய சம்பந்திச் சீர்

பிஷ்கெக்,
அக்டோபர் 3

பெருமதிப்பிற்குரிய சாயெக் ஊர்ச் சம்பந்தி தூரோன்பெக் அவர்களின் சமூகத்துக்கு, ஓய்வுபெற்ற டிராலிபஸ் ஓட்டுநர் ஓமுர்பெக் நெஞ்சில் கைவைத்து எழுதிக்கொள்ளும் சலாம். தாங்கள் நலமா? சம்பந்தியம்மா புரூல் அவர்களின் முழங்கால் வலி தேவலையா? மாப்பிள்ளை திலேக் சௌக்கியமா? குதிரைகள் கொழுத்திருக்கின்றனவா, ஆடுகள் மேய்ச்சல் மலையிலிருந்து இறங்கிவிட்டனவா, வைக்கோல் பரணுக்கு ஏறிவிட்டதா? இங்கே நாங்கள் மூவரும் இறைவன் அருளால் உயிரோடு இருக்கிறோம். நலமாக இருக்கிறோமா என்பது இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகு தாங்கள் தீர்மானிக்க வேண்டியது.

முதலில் ஒரே ஒரு விஷயத்தைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். என் மகள் மீரிமை நான் எந்த ஜெர்மானியனுக்கும் கொடுக்கவில்லை. கிசார்த் ஊர் எசென்குல் தங்களிடம் வந்து என்ன சொல்லியிருந்தாலும் சரி, அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும்தான் சொல்லியிருப்பார். அந்தக் காதில் பொய்யை ஊற்றியவன் நான். அதைத் தொலைபேசியில் சொல்லிவிடலாம் என்று நேற்றும் இன்றும் ஏழு தடவை அழைத்தேன். மணி அடிக்கிறது, தாங்கள் எடுக்கவில்லை. மாப்பிள்ளையிடம் மீரிம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். அவர் கால் மணி நேரம் சிரித்துவிட்டு, "எங்கப்பா குதிரைங்ககிட்டப் போய் உக்காந்துட்டாரு, ரெண்டு நாளா பேச்சே இல்ல. நான் சொன்னா உனக்காகப் பேசுறேன்னு நினைப்பாரு. உங்கப்பாவையே எழுதச் சொல்லு" என்றாராம். ஆகவே எழுதுகிறேன். நாளைக் காலை சாயெக் வரும் மினி பஸ் ஓட்டுநரிடம் இதைக் கொடுத்து, தங்கள் கையில் மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொள்வேன்.

நடந்தது இதுதான். மீரிம் வேலை பார்க்கும் சுற்றுலா அலுவலகத்தில் இந்தப் பருவத்தின் கடைசிப் பயணம் செப்டம்பர் இருபத்தொன்பதாம் தேதி கிளம்புவதாக இருந்தது. கிசார்த் வரை வண்டி, அங்கிருந்து குதிரையில் கணவாய் தாண்டி சோன்குல் ஏரி, இரண்டு நாள் தங்கல், திரும்புதல். வர வேண்டியவர்களில் ஒருவர் பல்வலி வந்து நின்றுவிட்டார். காலியான அந்த இடத்தில் என்னை அனுப்பலாம் என்று மீரிமுக்குத் தோன்றியிருக்கிறது. "அப்பா, கல்யாணம் முடிஞ்சு நான் மலைக்கு வாழப் போறேன், நீங்க அந்த ஏரியக்கூடப் பாத்ததில்லையே" என்றாள். உண்மைதான் சம்பந்தி. தங்களிடம் நிச்சயதார்த்தத்தன்று நான் மலை, மேய்ச்சல், குதிரை என்று பேசியதெல்லாம் மற்றவர்கள் பேசக் கேட்டது. முப்பத்தொரு வருடம் நகரத்துக்குள்ளேயே மின்கம்பியைப் பிடித்தபடி பத்தாம் எண் டிராலிபஸ் ஓட்டியவன் நான். எனக்குத் தெரிந்த மலை எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலில் தெரிகிற மலைதான். இதையும் இந்தக் கடிதத்தோடு ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பாரம் குறையட்டும்.

பயணத்துக்கு வருகிறவர்கள் என்னென்ன உடை கொண்டுவர வேண்டும் என்று அலுவலகத்தில் ஒரு பட்டியல் உண்டு. மீரிமே தட்டச்சு செய்தது. இலையுதிர் காலத்து மலையில் காலையில் வெயில், மதியம் மழை, மாலையில் பனி என்று ஒரே நாளில் நான்கு பருவமும் வரும், ஆகவே உடம்போடு ஒட்டி ஓர் உடுப்பு, அதன்மேல் கதகதப்புக்கு ஒன்று, அதன்மேல் காற்றும் நீரும் புகாத ஒன்று, பருத்தித் துணி கூடவே கூடாது, நனைந்தால் காயாது, கம்பளிக் காலுறை நான்கு ஜோடி, கையுறை, காது மறைக்கும் குல்லாய் என்று பதினேழு இனம். என் மனைவி ஜிபார் அந்தப் பதினேழையும் ஒன்றுவிடாமல் தேடி எடுத்து, பென்சிலால் கோடு போட்டுக் கோடு போட்டு, தண்ணீர் புகாத ஒரு பையில் அடைத்தாள். பை ஒரு செம்மறிக் கிடா கனம் இருந்தது. அன்று பிஷ்கெக்கில் இருபத்தொன்பது டிகிரி. நான் பனியனோடு உட்கார்ந்து விசிறிக்கொண்டிருக்கிறேன். இந்தப் பட்டியல் வெள்ளைக்காரர்களுக்கு எழுதியது, கிர்கிஸ்காரனுக்கு மலைக்குப் போகப் பட்டியல் எதற்கு, என் பாட்டன்மார்கள் பட்டியல் வைத்துக்கொண்டா ஆடு மேய்த்தார்கள் என்று கேட்டேன். ஜிபார் வழிக்கு மாவு பிசைந்து போர்சோக் பொரித்துத் தருவதற்காக அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

அவள் எண்ணெய்ச் சட்டியின் முன்னால் நின்ற அந்த அரை மணி நேரத்தில்தான் நான் கெட்டேன். பையைத் திறந்து பஞ்சு வைத்த கோட்டு, கம்பளி பனியன், மழைச்சட்டை, தடித்த கால்சட்டை, காலுறை எல்லாவற்றையும் உருவி எடுத்தேன். எங்கே ஒளிப்பது? துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் திணித்து மூடினேன். பையில் மிஞ்சியது நான்கு அரைக்கைப் பருத்திச் சட்டை, ஒரு அரைக்கால்சட்டை, ஏரி என்று சொன்னார்களே என்று நானாகப் போட்டுக்கொண்ட நீச்சல் ஜட்டி. அதற்குள் வாசலில் வண்டி வந்துவிட்டது. பையைத் தூக்கினால் காற்றில் ஆடுகிறது. தங்களுக்கு ஜிபாரின் குணம் தெரியாது. அவள் ரொட்டி ஆலையில் எடை போடும் பிரிவில் இருபத்தாறு வருடம் இருந்தவள். எதையும் கண்ணால் பார்த்து நம்பமாட்டாள், கையால் தூக்கிப் பார்த்துத்தான் நம்புவாள். ஆகவே கனத்துக்காக ஏதாவது வேண்டும் என்று அலமாரி உச்சியில் கைவிட்டேன். வெள்ளைத் துணியில் கட்டிய மூட்டை ஒன்று தட்டுப்பட்டது. பழைய திரைச்சீலை என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அதைப் பையில் அழுத்தி வைத்து மூடினேன். ஜிபார் வந்து போர்சோக்கை மேலே வைத்து, பையை ஒரு தடவை தூக்கிப் பார்த்து, "இப்பதான் மனுசன் மலைக்குப் போற மாதிரி இருக்கு" என்று சொல்லி வழியனுப்பினாள். எனக்கு அந்த ஆட்டத்தில் ஜெயித்த சந்தோஷம் கொச்கோர் ஊர் வரைக்கும் இருந்தது.

எங்கள் குழுவில் நான் நீங்கலாக மூன்று பேர். ஜெர்மனியிலிருந்து யூர்கன் என்று ஒரு நெட்டை மனிதர், ஓய்வுபெற்ற தபால்காரர். அவர் மனைவி மார்கிட், சிறிய உருவம், எதற்கெடுத்தாலும் நன்றி சொல்லும் பெண்மணி. அப்புறம் கொரியாவிலிருந்து தனியாக வந்திருந்த ஹான் அம்மா. அவர் பேசியே நான் கேட்டதில்லை. வழிகாட்டி பெகிமாய் என்ற பெண், இருபத்துமூன்று வயது, எங்கள் பேச்சையெல்லாம் ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் மாற்றிச் சொல்கிறவள். மூன்று பயணிகளும் பட்டியலை வேதம்போலப் பின்பற்றியிருந்தார்கள். வெயில் வந்தால் ஓர் அடுக்கைக் கழற்றினார்கள், மேகம் வந்தால் மாட்டினார்கள். கிசார்த் வருவதற்குள் யூர்கன் பதினோரு தடவை உரிந்து பதினோரு தடவை உடுத்தியதை நான் எண்ணினேன். நான் மட்டும் அரைக்கைச் சட்டையோடு இருந்தேன். அதைப் பார்த்து அவருக்கு என்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. இவர்தான் உண்மையான மலை மனிதர் என்று தன் மனைவியிடம் சொன்னாராம். பெகிமாய் அதை எனக்கு மொழிபெயர்த்தாள். நான் மறுத்திருக்க வேண்டும். மீசையைத் தடவிக்கொண்டேன்.

இனிமேல் எழுதப்போவதுதான், சம்பந்தி, எனக்கு உண்மையிலேயே வெட்கமான பகுதி. மற்றதெல்லாம் சிரிக்கலாம். கிசார்த்தில் குதிரை ஏறும் இடத்தில் பைகளெல்லாம் வண்டியில் வேறு கணவாய் வழியாக ஏரிக்கு வரும், தேவையானதை மட்டும் எங்களோடு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. பெகிமாய் குதிரைக்காரர்களோடு சேணம் பார்க்கப் போயிருந்தாள். யூர்கன் தன் கனமான கோட்டையும் மனைவியின் கோட்டையும் இரண்டு கையிலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வானத்தைக் காட்டி, புருவத்தை உயர்த்தி என்னைக் கேட்டார். வேண்டுமா, வேண்டாமா? பாஷை தேவைப்படாத கேள்வி. நான் கண்ணைச் சுருக்கி மேற்கே பார்த்தேன், கிழக்கே பார்த்தேன், விரலை நனைத்துக் காற்றில் நீட்டினேன். அதெல்லாம் எதற்குச் செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. பிறகு வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர்கள் கோட்டுகளை வண்டியில் போட்டார்கள். ஹான் அம்மாவும் பார்த்துவிட்டுத் தன்னுடையதைப் போட்டார். என் பையை மட்டும் நான் வண்டியில் விடவில்லை, போர்சோக் அதில்தான் இருந்தது. பெகிமாய் திரும்பி வந்து எல்லோரிடமும் கோட்டு இருக்கிறதா என்று கேட்டபோது மூவரும் என்னைக் காட்டிக் கட்டைவிரலை உயர்த்தினார்கள். அவள் என்ன புரிந்துகொண்டாளோ, குதிரைகள் கிளம்பிவிட்டன.

முக்கால் மணி நேரத்தில் தூறல். இது மழையில்லை, புழுதி அடங்கப் போடுவது என்று சொன்னேன். பிறகு மழை. பிறகு பட்டாணி அளவில் ஆலங்கட்டி. குதிரை காதை மடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தது. பையில் திரைச்சீலையாவது இருக்கிறதே, போர்த்திக்கொள்ளலாம் என்று குதிரைமேலிருந்தபடியே மூட்டைக்குள் கையை விட்டேன். விரலில் வெல்வெட் பட்டது. முடிச்சை இலேசாக விலக்கிப் பார்த்தேன். நீலத்தில் தங்க நூல், ஆட்டுக்கொம்புக் கோலம். சம்பந்தி, என் ரத்தம் உறைந்தது ஆலங்கட்டியால் இல்லை. பதினெட்டாம் தேதி கல்யாண விருந்தில் ஊரறியத் தங்கள் தோளில் நான் போர்த்த வேண்டிய சாபான் மேலங்கி அது. ஜிபார் ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து கையால் இழைத்தது. அதற்குக் கீழே சம்பந்தியம்மாவுக்கு நரித்தோல் வைத்த கோட்டு, மாப்பிள்ளையின் அத்தைக்கு வெள்ளிப் பொத்தான் வைத்த கையில்லா வெல்வெட் சட்டை, நான்கு சால்வை, வெள்ளைக் கல்பாக் தொப்பி. எங்கள் வீட்டு மானம் மொத்தமும் ஒரு மூட்டையாக என் முன்னால் சேணத்தில் உட்கார்ந்திருக்கிறது. முடிச்சை இறுக்கினேன். பையின்மேல் கவிழ்ந்து வயிற்றோடு அணைத்துக்கொண்டு, இரண்டு மணி நேரம், பனி கொட்டக் கொட்ட, பருத்திச் சட்டையோடு கணவாயைத் தாண்டினேன். அதில் ஒரு நூலைக்கூட நான் தொடவில்லை. இதை எழுதிக் காட்டிக்கொள்வதற்கு மன்னிக்க வேண்டும், இந்தப் பயணத்தில் நான் ஒழுங்காகச் செய்தது இது ஒன்றுதான்.

ஏரிக்கரையில் ஒரே ஒரு கம்பளிக் கூடாரம்தான் மிச்சமிருந்தது. மற்றவர்களெல்லாம் பருவம் முடிந்து இறங்கிவிட்டார்கள். அந்தக் கூடாரக்காரியும் மறுநாள் இறங்குவதாக இருந்ததால் மெத்தை, ரஜாய்ப் போர்வை எல்லாவற்றையும் காலையிலேயே லாரியில் அனுப்பிவிட்டாள். எங்கள் வண்டி மற்ற கணவாயில் பனியில் மாட்டிக்கொண்டது, நாளைக்குத்தான் என்று சேதி. உள்ளே ஒரு சாண அடுப்பு, ஒரு கெட்டில், நாங்கள் ஐவர், கூடாரக்காரி, அவள் புருஷன் என்று நனைந்த ஏழு உயிர்கள். எல்லோரும் நடுங்கினோம். கொஞ்ச நேரம் கழித்து மார்கிட் மட்டும் நடுங்குவதை நிறுத்திவிட்டார். நல்லது, சூடு ஏறிவிட்டது என்று நான் நினைத்தேன். பெகிமாய் அவர் முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். உதடு நீலம். யூர்கன் பேர் சொல்லிக் கூப்பிட்டால் வேறெதற்கோ பதில் சொல்கிறார், தூங்க வேண்டும் என்கிறார். ஈரத் துணியை உடனே கழற்றிக் காய்ந்த கனமான எதையாவது சுற்றாவிட்டால் நிலைமை மோசமாகிவிடும் என்று பெகிமாய் சொன்னாள். எல்லோரும் தோளில் மாட்டி வந்த சிறு பைகளைக் கொட்டினாள். எல்லாம் ஈரம். கூடாரக்காரியும் புருஷனும் தாங்கள் போட்டிருந்த மேல்கோட்டையே கழற்றித் தந்தார்கள், அதுவும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. பிறகு பெகிமாய் என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, உங்க பையில என்ன இருக்கு?"

"சட்டைம்மா. அரைக்கைச் சட்டை."

"அந்த மூட்டை?"

நான் பையைப் பின்னால் தள்ளினேன். அவளே இழுத்து முடிச்சைப் பிரித்தாள். நீலச் சாபானைப் பார்த்ததும் அவள் கை அப்படியே நின்றது. மலைப் பெண், அவளுக்கு விளக்க வேண்டியதில்லை.

"இது சம்பந்திச் சீராச்சே மாமா."

"ஆமாம்மா."

"யாருக்குப் போகுது?"

"சாயெக்ல ஒருத்தர். பேரக் கேக்காத."

அவள் மார்கிட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நான் இத எடுக்க மாட்டேன். கட்டினது உங்க வீட்டுக்காரங்க. நீங்களே எடுத்துக் குடுத்தா வாங்கிக்கிறேன்" என்றாள்.

சம்பந்தி, அந்த நிமிடத்தில் தாங்களும் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தீர்கள், ஜிபாரும் உட்கார்ந்திருந்தாள், மீரிமும்தான். யூர்கன் மனைவியின் இரண்டு பாதத்தையும் தன் சட்டைக்குள் வயிற்றில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணில் கோபம் துளிக்கூட இல்லை. கோட்டு வேண்டாம் என்று தலையாட்டியவன் நான்தான் என்பது அவருக்கு ஞாபகம் இல்லாததுபோல, மலை மனிதர் ஏதாவது செய்வார் என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் சம்பந்தியம்மாவின் நரித்தோல் கோட்டை எடுத்துப் பெகிமாயிடம் கொடுத்தேன். ஆண்களை அந்தப் பக்கம் திரும்பச் சொல்லிவிட்டு மார்கிட்டின் ஈரத்தைக் களைந்து அதைப் போர்த்தினார்கள். இரண்டு சால்வையைத் தலையிலும் காலிலும் சுற்றினார்கள். ஒன்று தொட்டாகிவிட்டது, பிறகு கணக்கென்ன? சாபானை யூர்கன் மேல் போட்டேன். தங்கள் உயரத்துக்குத் தைத்தது, அவருக்குத் தொடையோடு நின்றது. ஹான் அம்மாவுக்கு மீதிச் சால்வைகள். எல்லோருக்கும் கொடுத்து முடித்த பிறகு எனக்கு மிஞ்சியது மாப்பிள்ளையின் அத்தைக்குரிய சட்டை. போட்டுக்கொண்டேன். மார்புப் பக்கம் தளர்வாகவும் இடுப்பில் இறுக்கமாகவும் இருந்தது, ஆனால் தையல் நல்ல தையல், அத்தைக்குப் பிடிக்கும்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மார்கிட் மறுபடி நடுங்க ஆரம்பித்தார், அது நல்லதாம். பிறகு கண்ணைத் திறந்து, கோட்டின் ரோமத்தைத் தடவிப் பார்த்து, தேநீர் கிடைக்குமா என்று கேட்டார். கூடவே நன்றியும் சொன்னார். யூர்கன் அழுதார். எனக்குச் சாண அடுப்புப் புகை கண்ணில் பட்டுவிட்டது. பெகிமாய் மட்டும் அழாமல், கெட்டிலை எடுத்துக்கொண்டே, "மாமா, அந்த அத்தை சட்டையோட கடைசிப் பொத்தானப் போடாதீங்க, தெறிச்சுடும்" என்றாள். அதற்குள் தெறித்துவிட்டிருந்தது.

மறுநாள் காலை வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. முழங்கால் பனியில் வெயில் அடித்து, பார்க்க முடியாத வெளிச்சம். வண்டி வர வழியில்லை, வந்த வழியே குதிரையில் கிசார்த்துக்கு இறங்குவது என்று முடிவாயிற்று. எங்கள் துணிகள் காய்ந்தபாடில்லை, கயிற்றில் போட்டவை பலகையாக விறைத்து நின்றன. ஆகவே போட்டதோடு கிளம்பினோம். முன்னால் பெகிமாய், பின்னால் தங்க நூல் சாபானில் ஒரு ஜெர்மன் தபால்காரர், நரித்தோலில் அவர் மனைவி, பூப்போட்ட சால்வைகளில் ஒரு கொரிய அம்மாள், கடைசியில் வெள்ளிப் பொத்தான் வைத்த பெண்பிள்ளைச் சட்டையில் நான். கீழேயிருந்து பார்க்கிறவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று தாங்களே நினைத்துப் பாருங்கள். எசென்குல்லுக்கு அது சீர் உடுத்தித் திரும்பும் சம்பந்தி ஊர்வலமாகவே தெரிந்தது. ஊர் எல்லையிலேயே புளித்த குதிரைப்பால் கூமிஸ் கிண்ணத்தோடு வந்து மறித்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக, எந்த ஊர்ச் சம்பந்திகள் என்று கேட்டார்.

அப்போதே நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் என்ன சொல்வது? இது இன்னாருக்குப் போக வேண்டிய சீர், வழியில் ஒரு அந்நியர் போட்டுக்கொண்டு வருகிறார் என்றா? அது எனக்கு மட்டும் அவமானமில்லை, சீருக்கு உரியவருக்கும் அவமானம். தங்கள் பெயர் அந்தத் தெருவில் விழக்கூடாது என்று நினைத்தேன். அதற்காக யூர்கனைக் காட்டி, "இவங்கதான் எங்க சம்பந்தி" என்றேன். அத்தோடு பேச்சு முடிந்துவிடும், வழி விட்டுவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கடிவாளத்தைப் பிடித்து எங்களை வீட்டுக்கு அழைத்துப்போய் ஆடு அறுத்துவிட்டார்.

மாப்பிள்ளை எங்கே என்று கேட்டார்கள். ஜெர்மனியில் இருக்கிறான் என்றேன். என்ன வேலை? தபால் இலாகா. எத்தனை ஆடு? அந்த ஊரில் ஆடு கிடையாது. அதற்கு மட்டும் ஊரே இரக்கப்பட்டது. தலைமை விருந்தாளிக்குரிய ஆட்டுத் தலையை யூர்கன் முன்னால் வைத்தார்கள். பெகிமாய் சொல்லிக்கொடுத்தபடி காதை அறுத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, மீதியை என்ன செய்வதென்று தெரியாமல் அந்தத் தலையோடு நெடுநேரம் முகம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் விருந்தினர் ஆசி சொல்ல வேண்டும் என்றார்கள். அவர் எழுந்து நின்று, சாபானை நேராக இழுத்துவிட்டுக்கொண்டு, ஜெர்மனில் பேசினார். என் மனைவியின் உயிரைக் காத்தவர் இவர், இன்றுமுதல் இவர் என் சகோதரர், இவர் வீடு என் வீடு, இவர் பிள்ளை என் பிள்ளை என்று பேசினாராம். பெகிமாய் இரண்டு நாளாகத் தூங்காதவள், சொன்னதைச் சொன்னபடி மொழிபெயர்த்தாள். எல்லோரும் கையேந்தி, முகத்தைத் தடவி, ஆமீன் சொன்னார்கள். ஆமீன் சொன்ன பிறகு நான் எழுந்து அது பொய் என்று எப்படிச் சொல்வது? நானும் முகத்தைத் தடவிக்கொண்டேன்.

வாசலில் விடைபெறும்போது எசென்குல் என் தோளில் கைபோட்டு, நாளைக்கு ஒரு பெண்குதிரை விஷயமாகச் சாயெக் போகிறேன், அங்கே தூரோன்பெக் என்று ஒரு நல்ல மனிதர், அவருக்கும் உங்களைப்போலவே பிஷ்கெக்கில் டிராலிபஸ் ஓட்டிய ஒருவர்தான் சம்பந்தியாம், உங்களுக்குத் தெரிந்திருக்குமே என்றார். நகரம் பெரியது என்றேன். அவர் என் சட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். பெயரைக் கேட்டார். பொய் சொல்ல எனக்கு அதற்குமேல் தெம்பில்லை, ஓமுர்பெக் என்றேன்.

வீட்டுக்கு வந்தால் இங்கே வேறு கதை. அலமாரி உச்சி காலியாக இருப்பதைப் பார்த்து ஜிபார் திருடன் வந்துவிட்டான் என்று அடுக்குமாடி முழுவதையும் கூட்டி, பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகப்பட்டு, அவரோடு பேச்சுவார்த்தையையும் முறித்துக்கொண்டிருந்தாள். துவைக்கும் இயந்திரத்தையும் உள்ளே பார்க்காமல் கொதிநீரில் ஓட்டிவிட்டிருக்கிறாள். என் கம்பளி பனியன் இப்போது ஓர் ஆட்டுக்குட்டிக்குச் சரியாக இருக்கும். நான் மூட்டையைப் பிரித்துக் காட்டி, நடந்ததையெல்லாம் நின்றபடியே ஒப்பித்தேன். கூச்சல் போடுவாள் என்று நினைத்தேன். அவள் சாபானின் கையைத் தடவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "துணிய நனைச்சுட்டீங்க, ஒரு உயிருக்காக நனைச்சீங்க, சரி. பொண்ண யாருக்குக் குடுத்துட்டு வந்தீங்க, அத முதல்ல சொல்லுங்க" என்றாள். மீரிம் அலுவலகத்துக்குப் போகாமல் இரண்டு நாளாகத் தொலைபேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். டிராலிபஸ்ஸை இரண்டு தடவை மரத்தில் மோதியவன் நான் சம்பந்தி, அப்போதெல்லாம்கூட என் மகள் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தயக்கம் இருந்ததில்லை.

சீரின் இன்றைய நிலைமையை ஒளிக்காமல் எழுதுகிறேன். சாபானின் வலது கையில் நெருப்புப் பொறி பட்டு வாதுமைக்கொட்டை அளவு ஓட்டை. ஜிபார் அதன்மேல் இன்னொரு கொம்புக் கோலம் இழைக்கிறாள், ஜோடிக்காக இடது கையிலும் இழைக்கிறாள். நரித்தோல் கோட்டு பால்கனியில் தொங்குகிறது, சாணப்புகை வாசம் பாதி போயிற்று. அத்தை சட்டைக்குப் புதுப் பொத்தான் வைத்தாயிற்று. சால்வைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தங்கள் கல்பாக்கைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். அன்று கூடாரத்தில் தேநீர் ஆறிவிடாமலிருக்க ஹான் அம்மா ஒன்றும் அறியாமல் அதைக் கெட்டிலுக்குக் கவிழ்த்துவிட்டார். கிர்கிஸ்காரன் தலையில் இருக்க வேண்டியது கெட்டில் தலையில் இருந்தது. பார்த்ததும் எடுத்துவிட்டேன், ஆனாலும் பார்ப்பதற்குள் இரண்டு கோப்பை ஊற்றியாகிவிட்டது. அதைத் தங்களுக்குத் தரமாட்டேன், வேறு புதியது தருவேன். மற்றவற்றையும் உடுத்திய துணி என்று தாங்கள் திருப்பினால் அது நியாயம், வாய் திறக்காமல் வாங்கிக்கொள்வேன். மீரிமை மட்டும் திருப்பிவிடாதீர்கள். பொய் சொன்னது அவளில்லை. பட்டியலை ஒழுங்காக எழுதியதைத் தவிர அந்தப் பிள்ளை இதில் செய்தது ஒன்றுமில்லை.

இந்தக் கல்யாணத்தில் எந்த ஜெர்மானியனுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்றும், பதினெட்டாம் தேதி விருந்தில் சம்பந்தி என்ற இடத்தில் தங்களைத் தவிர வேறெவனும் உட்கார மாட்டான் என்றும், ரொட்டிமேல் கைவைத்து உறுதி கூறுகிறேன். தங்கள் கொட்டில் நிறையட்டும், அடுப்பு அணையாதிருக்கட்டும், வழியில் போகிறவர்கள் தங்கள் வாசலைப் பார்த்து வாழ்த்திவிட்டுப் போகட்டும். சம்பந்தியம்மாவுக்கு ஜிபாரின் சலாம். ஒரே ஒரு தடவை தொலைபேசியை எடுங்கள்.

தங்கள் மன்னிப்புக்காகக் காத்திருக்கும்,
ஓமுர்பெக்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போன நேரத்தில் பெகிமாய் அழைத்தாள். எசென்குல் அன்று விருந்தின்போதே, என் மகள் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வந்துவிட வேண்டும் என்று யூர்கனிடம் சம்பந்தி முறையில் வாக்கு வாங்கிவிட்டாராம், அதையும் அவள் மொழிபெயர்த்துவிட்டாளாம். ஜெர்மனியிலிருந்து இன்று டிக்கெட் போட்டுவிட்டார்கள், பதினாறாம் தேதி வந்து இறங்குகிறார்கள், மொத்தம் ஏழு பேர். தம்மைச் சம்பந்தி வரிசையில் உட்கார வைப்பார்களா, அதற்கு என்ன முறை என்று யூர்கன் கேட்டிருக்கிறார். ஆமீன் சொன்ன விருந்தாளியை வராதே என்று எந்த வாயால் சொல்வது, தாங்களே சொல்லுங்கள். ஏழில் ஒருவன் அவர்கள் மகன், மத்தியாஸ், இருபத்தெட்டு வயது. அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லையாம். இதை நான் கேட்கவில்லை சம்பந்தி, அவர்களாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.